துணிவுக்கு இரண்டு புள்ளி போடலாமா?

தமிழ்வாத்தி:

எல்லோருக்கும் வணக்கம். சின்ன விசயம்தான், ஆனால் இரண்டு நாளாக மண்டைக்குள் நின்று குடைகிறது. தரம் 8 தவணைப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருக்கிறேன். சொற்களை வசனத்தில் அமைக்கும் கேள்வி, சொல்லுக்கு 2 புள்ளி, அதில் ஒரு சொல் ‘துணிவு’. வகுப்பில் 34 பிள்ளைகள். முக்கால்வாசிப் பேர் ‘வீரர்கள் துணிவுடன் போரிட்டனர்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள், மிச்சத்தில் பாதிப் பேர் ‘அரசன் துணிவுடன் புலியைக் கொன்றான்’. ரியூசனில் சொல்லிக் கொடுத்தது என்று பார்த்தவுடனேயே விளங்கும், எழுத்துப்பிழை வரைக்கும் ஒற்றுமை. ஒரு பிள்ளை மட்டும் இப்படி எழுதியிருக்கிறது:

‘அம்மா துணிவாகக் கடைக்குப் போய்க் கடனுக்கு மா கேட்டா.’

(‘கேட்டா’வுக்கு அரைப் புள்ளி வெட்டலாமா என்பது வேறு வழக்கு.)

பக்கத்தில் இருந்து திருத்திய பகுதித் தலைவரிடம் காட்டினேன். பூச்சியம் போடுங்கோ என்றார். துணிவு உயர்ந்த காரியத்துக்கு வருகிற சொல்லாம், கடன் கேட்பதற்கு ‘வெட்கத்தை விட்டு’ என்றுதான் வர வேண்டுமாம். எனக்கு அந்த நேரத்தில் மறுமொழி வரவில்லை. தாளைக் கட்டின் அடியில் செருகிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இங்கே தமிழ் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள், சொல்லுங்கோ, அது துணிவா இல்லையா? துணிவு, தைரியம், வீரம் மூன்றும் ஒன்றா?

சந்திக்கடை:

முழுப் புள்ளியும் போடுங்கோ சேர். கடன் கேட்கிறது துணிவு, கொடுக்கிறது அதைவிடப் பெரிய துணிவு. நான் கடை வைத்திருக்கிறேன், எனக்குத் தெரியும்.

ஏட்டுச்சுரைக்காய்:

வாத்தியார், உங்கள் பகுதித் தலைவர் சொல்வது அந்தச் சொல்லின் பிறப்புக்கே பொருந்தாது. துணித்தல் என்றால் வெட்டுதல். நாங்கள் உடுக்கிற துணி வெட்டி எடுத்த துண்டு. மனம் போவோமா விடுவோமா என்று இரண்டு பக்கமும் இழுபடும்போது ஒரு பக்கத்தை வெட்டி விடுவதுதான் துணிதல். அதனால்தான் பழைய தமிழில் துணிவுக்கு முடிவு என்ற பொருள் முன்னுக்கு நிற்கிறது. சைவ சித்தாந்தம் படித்தவர்கள் துணிபு என்று சொல்வதும் முடிந்த முடிவைத்தான், அங்கே வாளும் இல்லை, புலியும் இல்லை. ‘எண்ணித் துணிக கருமம்’ (குறள் 467) எல்லோரும் பாடமாக்கியது. அந்தக் குறளில் வள்ளுவர் பயப்படாதே என்று சொல்லவே இல்லை பாருங்கோ. யோசித்து முடிவெடுத்து இறங்கு, இறங்கின பிறகு யோசிப்போம் என்பது இழுக்கு, அவ்வளவுதான். கடைக்குப் போவது என்று ஒரு முடிவெடுத்துப் படலையைத் திறந்த அம்மா செய்தது அச்சொட்டாக அதுதான்.

தைரியம் வடமொழி வழி வந்தது, தீரம், தீரன் எல்லாம் அந்தக் குடும்பம். கலங்காமல் நிற்பதுதான் அதன் மூலப் பொருள். வீரமும் வடசொல்லே. தமிழில் அந்த இடத்தில் மறம், தறுகண், வன்கண் என்று இருந்தன. வன்கண்ணின் கதை வேடிக்கையானது. அமைச்சனுக்கு வேண்டியவற்றை அடுக்கும்போது 632 ஆவது குறள் முதலாவதாக வைப்பது வன்கண்ணை. இன்றைக்கு ஒரு அமைச்சரைப் பார்த்து வன்கண்ணர் என்று சொல்லிப் பாருங்கோ, கோட்டுக்கு இழுப்பார். சொற்கள் இப்படித்தான் குணம் மாறும், வீட்டுக்கு வந்த மருமகள் மாதிரி.

நாவற்பழம்:

கடைசி வரி தேவையில்லாதது ஐயா.

ஏட்டுச்சுரைக்காய்:

சரி பிள்ளை. மருமகன் என்று வாசியுங்கோ.

ஊர்ப்பெடியன்:

இவ்வளவு சொல்லும் எதுக்கு, இப்ப எங்களுக்கு ஒரே சொல்தான். கெத்து.

ஏட்டுச்சுரைக்காய்:

தம்பி, கெத்துக்குப் பார்க்கிற ஆள் வேண்டும். ஒருத்தரும் இல்லாத றோட்டில் கெத்துக் காட்ட ஏலுமா?

ஊர்ப்பெடியன்:

அண்ணை நான் பகிடிக்குத்தான் சொன்னேன். உண்மையாகச் சொன்னால் அந்தச் சொல்லில் எனக்கும் இப்ப மதிப்பில்லை. என்னோடு ஓ.எல் வரைக்கும் படித்த ஒருத்தன் வாளோடு படம் எடுத்து ரிக்ரொக்கில் போட்டவன், கீழே நூறு பேர் கெத்து கெத்து என்று எழுதியிருந்தார்கள், நானும் போய் ஒரு நெருப்பு அடையாளம் போட்டுவிட்டு வந்தனான். அப்புறம்தான் கதை தெரிந்தது. ஆறு பேர், மூன்று மோட்டார் சைக்கிள், முகத்துக்குத் துணி, இரவு பத்து மணிக்கு ஒரு வீட்டுக்குள் போய் நித்திரையாகக் கிடந்த ஆளை வெட்டியிருக்கிறார்கள். அம்மம்மாவிடம் சொன்னேன், அதுகளைச் சண்டியர் என்று சொல்லக்கூட அவ விடவில்லை. அந்தக் காலத்துச் சண்டியன் தனியாக வருவானாம், பட்டப்பகலில் வருவானாம், வெறியில் வந்தாலும் முகத்தை மூடிக்கொண்டு வரமாட்டானாம். சண்டியனுக்கும் ஒரு தராதரம் இருந்திருக்கிறது.

கனடாக்குளிர்:

இந்தத் திரியை முதலில் இருந்து வாசித்துக்கொண்டு வருகிறேன். பிள்ளைக்குப் புள்ளி போடுவதில் எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லைத் தண்ணியாக்குகிறீர்கள். மா கேட்டதும் துணிவு, ரத்தம் குத்தக் கை நீட்டினதும் தைரியம், மேடையில் பாடினதும் வீரம் என்று போனால், உயிரைக் கொடுத்தவர்களுக்கு என்ன சொல் மிஞ்சும்? இங்கே ஸ்காபரோவில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் பல்லுப் பிடுங்கப் போய் வந்தாலே தைரியசாலி என்று ஒரு ஒட்டி (ஸ்ரிக்கர்) ஒட்டி விடுகிறார்கள். என்ரை மகனிடம் அப்படி ஏழு ஒட்டி இருக்கிறது. அவன் இருட்டில் வாசிங் மெசின் அறைக்குப் போகமாட்டான்.

சில சொற்களை உயரத்தில் வைக்க வேண்டும், எல்லோருக்கும் எட்டுகிற இடத்தில் வைத்தால் தேய்ந்துவிடும். இது என் கருத்து.

சந்திக்கடை:

ஏழு ஒட்டிக்கும் என் விருப்புப் பச்சை ஒன்று.

நாவற்பழம்:

கனடா அண்ணை, நீங்கள் சொல்வது ஒரு பாதி சரி. ஆனால் உயரத்தில் வைத்த சொல்லை யார் எடுத்து யாருக்குக் கொடுக்கிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். எங்கள் ஊரில் வீரம் என்ற சொல் ஒரு காலத்தில் ஒலிபெருக்கியில் மட்டும் கேட்ட சொல் என்று அம்மா சொல்லுவா. துவக்குத் தூக்கினால்தான் அந்தச் சொல். யாழ் பல்கலைக்கழகத்தில் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ரஜனி திராணகம, ஆயுதம் வைத்திருந்த எல்லாப் பக்கத்தாரும் செய்ததைப் பெயர் சொல்லி எழுதினார், 1989 செப்ரெம்பர் 21 ஆம் திகதி சைக்கிளில் வீட்டுக்குத் திரும்பும்போது திருநெல்வேலியில் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கும் இரண்டு சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள், கொழும்புக்கோ லண்டனுக்கோ போய் இருந்திருக்கலாம். அவரைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் ஆட்கள் ‘கெட்டிக்காரி, பாவம்’ என்பார்கள், கொஞ்சம் துணிச்சல் கூடிப்போச்சு என்றும் சொல்லுவார்கள். வீரம் என்று வாயில் வராது. துணிவுக்கும் துணிச்சலுக்கும் நடுவில் அந்த ‘ச்சல்’ எப்படி வந்து ஒட்டுகிறது என்று கவனியுங்கோ. ஆம்பிளைக்குத் துணிவு, பொம்பிளைக்குத் துணிச்சல்.

இன்னும் கீழே வந்தால் ‘துணிஞ்ச கட்டை’. நான் ஏ.எல் முடித்த வருசம் ஸ்கூட்டி ஓடப் பழகினேன், இரவு எட்டு மணிக்கு வகுப்பு முடிந்து தனியாக வந்தேன், ஒழுங்கை முகப்பில் இருந்த ஒரு ஐயா அப்பாவிடம் ‘உங்கட பிள்ளை துணிஞ்ச கட்டைதான்’ என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பா அதைப் பாராட்டாக எடுத்து வீட்டில் வந்து சொல்ல, அம்மாவுக்கு முகம் கறுத்துப்போச்சு. அதே சொல், ஒரே வீட்டுக்குள் இரண்டு பொருள். அடுத்த கிழமை முதல் அப்பா சந்தியில் வந்து காத்து நின்றார்.

கனடாக்குளிர்:

ரஜனியைப் பற்றி நீங்கள் சொன்னதை நான் மறுக்கவில்லை தங்கச்சி. அந்த வருசம் நான் அங்கேதான் இருந்தேன், செய்தி கேட்டு எல்லோரும் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகக் கதைத்தோம். மெதுவாகத்தான் கதைத்தோம் என்பதை எழுதும்போது எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனால் துவக்குத் தூக்கி மற்றப் பக்கத்தில் செத்த பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகள்தான், என் வகுப்பில் மட்டும் நாலு பேர், பதினேழு பதினெட்டு வயது. அந்தப் பிள்ளைகளுக்குக் கொடுத்த சொல்லை நான் திருப்பி வாங்கமாட்டேன்.

மட்டுறுத்துனர்:

இரண்டு பேரும் மரியாதையாகவே எழுதியிருக்கிறீர்கள், அதனால் எதையும் தூக்கவில்லை. இந்தத் திரி சொல்லைப் பற்றியது. அந்தப் பக்கத்தை இதோடு நிறுத்துங்கோ. இதற்குக் கீழே வந்த மூன்று பதிவு மரியாதையாக இல்லை, தூக்கியாச்சு.

வடமராட்சியான்:

நானும் ஒரு கேள்வி போடுகிறேன். துணிவுக்கும் விசருக்கும் (பைத்தியத்துக்கும்) எல்லை எங்கே?

எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வி சும்மா வந்ததில்லை. வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் எங்கள் ஆட்களோடு அமெரிக்காவில் குளொஸ்ரர் துறைமுகம் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 1954 இல் நவரத்தினசாமி பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். பிறகு ஆழிக்குமரன் ஆனந்தன் அதே நீரிணையைப் போகவும் வரவும் 51 மணித்தியாலத்தில் நீந்தினார். அதே மனிதன்தான் ஒற்றைக்காலில் 33 மணித்தியாலம் நின்றதும். எங்கள் பெரியப்பாவிடம் கேட்டால் கடலில் நீந்தினது துணிவு, ஒற்றைக்காலில் நின்றது விசர் என்பார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் படுகிறது, உடம்பு போதும் என்று கத்தும்போது மனம் விடாமல் பிடிக்கிறது. இந்தியாவில் இருந்து வாசிக்கிற ஆட்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், நாங்கள் அதற்கு ஓர்மம் என்று சொல்லுவோம். ஓர்மம் பிடித்தவன், ஓர்மமான பெட்டை. தைரியம் ஒரு நிமிசத்துக்குப் போதும், ஓர்மம் நாள்க்கணக்காக இருக்க வேண்டும்.

1984 ஓகஸ்ட்டில் அவர் ஆங்கிலக் கால்வாயில் நீந்தும்போது இறந்துபோனார். அந்தச் செய்தி வந்தபோது பெரியப்பா என்ன சொன்னார் என்று கேட்டேன். ‘ஒண்டும் சொல்லேல்லை, கடற்கரைக்குப் போயிருந்தனான்’ என்றார்.

ஏட்டுச்சுரைக்காய்:

நல்ல பதிவு. எல்லை எங்கே என்ற கேள்விக்கு 428 ஆவது குறள் இருக்கிறது, அஞ்ச வேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது பேதைமை. மாணிக்கவாசகரின் அச்சப்பத்தையும் பாருங்கோ. புற்றில் இருக்கிற பாம்புக்கு அஞ்சேன், பொய்யரின் மெய்க்கும் அஞ்சேன் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து ஒவ்வொரு பாட்டையும் ‘அம்ம நாம் அஞ்சுமாறே’ என்றுதான் முடிக்கிறார். இதைக் கண்டால் எனக்குப் பயம் என்று பத்துத் தரம் சொல்கிற ஒரு மனிதர். எதற்குப் பயம் என்று தெரிந்து வைத்திருக்கிற ஆள்தான் மற்றதற்குப் பயப்படாமல் இருக்கலாம் போல.

தமிழ்வாத்தி:

ஓர்மம் நல்ல சொல். ஆனால் பாடத்திட்டத்தில் இல்லை.

வாட்டுநேர்ஸ்:

நான் இங்கே எழுதுவது குறைவு, இரவுக் கடமை முடிந்து பஸ்ஸுக்குள் இருந்து எழுதுகிறேன், பிழை இருந்தால் வாத்தியார் பொறுத்துக்கொள்ளவும்.

ஒரு நாளைக்கு இருபது தரமாவது ‘தைரியமா இருங்கோ’ என்று சொல்கிற ஆள் நான். வாயில் தானாக வரும். யோசித்துப் பார்த்தால் அதில் பாதி நேரம் அதற்குப் பொருள் ‘அழாதேங்கோ, மற்ற ஆட்கள் பார்க்கினம்’ என்பதுதான். செத்த வீட்டிலும் அப்படித்தானே, கணவன் செத்துக் கிடக்க, வந்தவர்கள் எல்லோரும் மனுசியைப் பிடித்துத் தைரியமா இரு, தைரியமா இரு என்பார்கள். அவ என்ன சண்டைக்கா போகப்போகிறா? அழுதால் எங்களுக்குத் தாங்காது என்பதை அவவுக்குக் கட்டளையாகச் சொல்லுகிறோம்.

போன மாதம் ஒரு ஐயா, எழுபது வயது வரும், பெரிய சத்திரசிகிச்சை. சம்மதக் கையெழுத்து வாங்கப் போனேன். பேனையை வாங்கிக்கொண்டு, ‘பிள்ளை எனக்கு நல்லாப் பயமாயிருக்கு, மகளுக்குச் சொல்லாதே’ என்றார். சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கை நடுங்கினது, எழுத்து கோணலாகப் போனது, ஆனால் போட்டார். அன்றைக்கு எனக்குத் தைரியமா இருங்கோ என்று சொல்ல வாய் வரவில்லை. பக்கத்துக் கதிரையில் கொஞ்ச நேரம் இருந்தேன். (ஆள் சுகமாக வீட்டுக்குப் போய்விட்டார், எல்லோரும் கேட்பீர்கள் என்று சொல்கிறேன்.)

ஏட்டுச்சுரைக்காய்:

தங்கச்சி, நான் மேலே எழுதின கலங்காமை என்ற மூலப் பொருள் அகராதியோடு போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அது வாட்டில் கட்டளையாக உயிரோடு இருக்கிறது என்று இப்பதான் தெரிகிறது.

நாங்களும்கடந்தோம்:

இவ்வளவு நேரமும் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். அந்தப் பிள்ளையின் வசனத்துக்காக எழுதுகிறேன்.

1993 இல் எனக்கு 11 வயது. அப்பா கொழும்பில். யாழ் குடாநாட்டை விட்டு வெளியே போக அப்போது கிளாலிக் கடல்தான் பாதை, அதுவும் இரவில், வெளிச்சம் இல்லாமல். ஒரு இயந்திரப் படகின் பின்னால் மற்றப் படகுகளைக் கயிற்றில் தொடுத்து இழுத்துப் போவார்கள். கடற்படை வந்து சுடுகிற கடல், அந்த வருசம் தைமாதத்திலேயே அதில் போன சனம் நிறையப் பேர் செத்திருந்தார்கள், அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் வரிசையில் நின்றார்கள். அம்மா என்னையும் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு சேலையைத் தூக்கிச் செருகிவிட்டு இடுப்பளவு தண்ணிக்குள் இறங்கினா. நடுக்கடலில் தூரத்தில் பரா வெளிச்சம் (வானத்தில் சுட்டு விடுகிற வெளிச்சக் குண்டு) எழும்பியது, படகில் ஒருத்தரும் மூச்சு விடவில்லை, அம்மா மட்டும் என் காதுக்குள், காலுக்குக் கீழே இருக்கிற பையை நனையவிடாதே, அதற்குள்தான் சான்றிதழ் எல்லாம் இருக்கு என்றா. அவ்வளவுதான் அவ கடலில் கதைத்தது.

கொழும்பில் லொட்ஜில் இருந்தோம். ஒரு மாதத்தில் அப்பாவின் கையில் இருந்தது முடிந்துபோனது. அம்மாவின் சொந்தத் தம்பி, எங்கள் மாமா, கொட்டாஞ்சேனையில் வசதியாக இருந்தார். அவரிடம் 500 ரூபாய் கேட்க வேண்டும். அம்மா மூன்று நாள் பாடமாக்கினா. பொதுக் குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிவிட்டு, ‘தம்பி, ஒரு உதவி’, பிறகு ‘தம்பி, வாற மாதம் தந்திடுவன்’, பிறகு திரும்பவும் முதலில் இருந்து. நானும் தங்கச்சியும் வெளியே நின்று கேட்டுச் சிரித்தோம், சின்னப் பிள்ளைகள்தானே. நாலாவது நாள் போய், தேத்தண்ணி குடித்து, மாமியின் புதுச் சீலையைப் பற்றி அரை மணித்தியாலம் கதைத்து, கேட்காமல் திரும்பி வந்தா. ஐந்தாவது நாள்தான் கேட்டா.

இப்போதும் கிளாலியைப் பற்றிக் கேட்டால் ‘எல்லாரும் போனவை, நாங்களும் போனோம்’ என்பா, ஒரே வசனம். 500 ரூபாயைப் பற்றி நாங்கள் வீட்டில் கதைப்பதில்லை. ஒருமுறை பகிடியாக எடுத்தேன், எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா.

வாத்தியாரின் பகுதித் தலைவர் சொன்ன ‘வெட்கத்தை விட்டு’ என்பது பிழை. எங்கள் அம்மா வெட்கத்தை விடவில்லை. வெட்கத்தையும் தூக்கிக்கொண்டுதான் மாமா வீட்டுப் படி ஏறினா.

சந்திக்கடை:

இதற்குப் பகிடி விட எனக்கு வாய் வரவில்லை.

2022 இல், காஸுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற நாட்களில், என் கடன் கொப்பியில் புதுப் பெயர் பதினாறு ஏறியது. முன்பு ஒருநாளும் கடன் கேட்காத ஆட்கள். நேரே வந்து கேட்டவர்கள் இரண்டு பேர்தான். மற்றவர்கள் சாமான் எல்லாம் கட்டினபிறகு, ‘காசை மறந்து வந்திட்டன் போல’ என்று சட்டைப் பையைத் தடவுவார்கள். நானும் ‘பிறகு தாங்கோ, என்ன அவசரம்’ என்பேன். எனக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். பிள்ளைகளை அனுப்புகிற ஆட்களும் உண்டு, அம்மா பிறகு தருவாவாம் என்று சொல்லச் சொல்லி. அந்த வசனம் எழுதின பிள்ளையின் தாய் தானே போயிருக்கிறா, பிள்ளையை அனுப்பவில்லை. அதைப் பிள்ளை கவனித்திருக்கிறது.

கனடாக்குளிர்:

நான் முதலில் எழுதியதில் ஒன்றைத் திருத்துகிறேன். வீரத்தை உயரத்திலேயே வைத்திருப்போம், அதில் மாற்றமில்லை. துணிவைக் கீழே இறக்கி வைக்கலாம், எல்லோருக்கும் எட்டுகிற மாதிரி. புள்ளியைப் போடுங்கோ வாத்தியார். நானும் 2009 இல் வேலை போனபோது மனுசியிடம் சொல்லாமல் இரண்டு கிழமை காலையில் வெளிக்கிட்டுப் போய்க் கோப்பிக் கடையில் இருந்து வந்த ஆள். அதை இங்கேதான் முதல்முதல் எழுதுகிறேன்.

நாவற்பழம்:

மனுசிக்கு இப்பவாவது தெரியுமா அண்ணை?

கனடாக்குளிர்:

இந்தத் தளத்தை அவவும் வாசிக்கிறவ. இரவைக்குத் தெரியும்.

ஊர்ப்பெடியன்:

கெத்து.

தமிழ்வாத்தி:

எல்லோருக்கும் நன்றி. 2 புள்ளியும் போட்டுவிட்டேன், ‘கேட்டா’வுக்கும் வெட்டவில்லை. எங்கள் ஊரில் தாயை வேறு எப்படி எழுதுவது, ‘கேட்டாள்’ என்று எழுதினால் அந்தப் பிள்ளை வீட்டில் அடி வாங்கும். மற்ற முப்பத்திச் சொச்சம் பேருக்கும் 2 புள்ளி போட்டேன், அவர்களின் வீரர்களும் அரசனும் இலக்கணப்படி சரிதானே. ஆனால் அடுத்த தவணை அந்தக் கேள்வியில் ‘உன் வீட்டில் நடந்த ஒன்றை வைத்து எழுதுக’ என்று ஒரு வரி சேர்க்கப்போகிறேன்.

ஏட்டுச்சுரைக்காய்:

பகுதித் தலைவர் என்ன சொன்னார்?

தமிழ்வாத்தி:

அவரிடம் இன்னும் சொல்லவில்லை.

ஏட்டுச்சுரைக்காய்:

எண்ணித் துணிக என்றுதான் இருக்கிறது வாத்தியார். நீங்கள் இன்னும் எண்ணிக்கொண்டே இருக்கிறீர்கள்.

தமிழ்வாத்தி:

நாளைக்கு வெள்ளிக்கிழமை, அவர் நேரத்துக்கே வெளிக்கிட்டுவிடுவார். திங்கள் பார்ப்போம்.